ஒரு நிரல்மொழியின் பொருள்களை மற்றொன்றில் கையாளுதல்

புள்ளிவிவர ஆராய்ச்சிக்கென வளர்ந்த நிரல்மொழி ஆர் ஆகும். நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 1990-களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினர். பைத்தான் பொதுப் பயனுக்குரிய மொழி. கைடோ வான் ராசம் என்பவரால் 1991-இல் வெளியிடப்பெற்றது. ஒன்றில் எளிதாக முடியும் பணி மற்றொன்றில் கடினமாக இருத்தல் கூடும். ஆகவே, ஆர் மொழியில் பணிபுரிவோர் பைத்தானின் பொருள்களையும் அங்கேயே கையாள விரும்புவது இயல்பே. இங்குப் பொருள் என்பது, ஒரு மதிப்பும் அதன்மீது செய்யத்தக்க செயல்களும் ஒருங்கே அமைந்த தொகுதியாகும்.

இணைப்பு நிகழும் விதம்

இப்பணிக்கு ரெட்டிகுலேட் என்னும் நிரல்தொகுப்பு உதவுகிறது. இது ஆர் இயங்கும்போதே அதனுள் பைத்தானையும் இயங்கச் செய்கிறது. ஆர் மொழியின் எண்வரிசை பைத்தானில் பட்டியலாகவும், அட்டவணை பாண்டாஸ் அட்டவணையாகவும் மாறுகின்றன. பைத்தான் தரும் விடையும் இயன்றவரை ஆர் மொழியின் வடிவத்திற்குத் தானே மாற்றப்படுகிறது. மாற்றம் வேண்டாமெனில், பைத்தான் தொகுதியை வரவழைக்கும்போதே அதனைத் தடுத்துவிடலாம். அப்பொழுது பொருள் பைத்தானிலேயே நிற்கும். ஆர் அதனைச் சுட்டி மட்டும் கையாளும். மாற்றப்பட்டது படியே, அப்படியில் செய்யும் திருத்தம் மூலத்தைச் சேராது.

எல்லையில் நேரும் வேறுபாடுகள்

முதலாவது, ஆர் மொழியில் வரிசை எண் 1-இல் தொடங்கும். பைத்தானில் 0-இல் தொடங்கும். பைத்தான் செயலுக்கு 3 என இடங்குறித்தால் கிடைப்பது நான்காம் உறுப்பு.

இரண்டாவது, ஆர் மொழியில் வெறும் 3 என எழுதினால் அது தசம எண்ணாகக் கொள்ளப்படும். முழு எண் வேண்டுமெனில் அதன்பின் எல் என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்தல் வேண்டும். முழு எண்ணை மட்டுமே ஏற்கும் பைத்தான் செயல் 3.0-ஐ ஏற்க மறுக்கும்.

மூன்றாவது, ஓர் உறுப்பு மட்டுமுள்ள எண்வரிசை பைத்தானில் பட்டியலாகாமல் தனி எண்ணாகவே சென்றடையும். பல நிலையங்களுள்ள மாவட்டத்திற்குச் சரியாக இயங்கிய நிரல், ஒரே நிலையமுள்ள மாவட்டத்தில் தடைப்படுவதற்கு இதுவே காரணமாகலாம். எனவே அதனைப் பட்டியலாகவே அமைத்து அனுப்புதல் நன்று.

விடுபட்ட மதிப்பு

மேற்கூறியவற்றுள் பல பிழைச் செய்தியின் வாயிலாக வெளிப்பட்டுவிடும். ஓசையின்றி விளையும் பிழையே அஞ்சத்தக்கது. நாளொன்றில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்தால் அதனை மழைநாள் என இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கிடுகிறது. எடுத்துக்காட்டாக, நான்கு நிலையங்களின் மாத மழைநாட்கள் முறையே 9, 11, விடுபட்டது, 10 என முழு எண்களாகப் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம்.

முழு எண் வரிசையில் விடுபட்ட இடத்தைக் குறிக்க, 32 இருமக் குறிகளில் அடங்கும் மிகச் சிறிய எண்ணாகிய −2147483648 என்பதை ஆர் ஒதுக்கி வைத்துள்ளது. பைத்தானுக்கு இவ்வழக்கம் தெரியாது. ஆகவே விடுபட்ட இடம் அங்கு மெய்யான எண்ணாகவே போய்ச் சேரும். பதிவேட்டில் அளவீடு இல்லாத நாளுக்கு −99.9 என எழுதும் வழக்கத்தை அறியாத புதிய எழுத்தர், அதனையும் கூட்டலில் சேர்த்துவிடுவதற்கு இது ஒப்பாகும்.

இப்பட்டியலின் சராசரியைப் பைத்தானில் கண்டால் −536870904.5 எனவரும், தவறு உடனே புலப்படும். ஆனால் 10-க்குக் குறைந்த மழைநாட்களுள்ள நிலையங்கள் எத்தனை எனக் கேட்டால், விடை 2 எனவரும். உண்மையில் அத்தகைய நிலையம் ஒன்றே. 2 என்பது நம்பத்தக்க விடையாகத் தோன்றுவதால் எவரும் ஐயுறார். அறிக்கையில், பதிவு வராத நிலையம் மழை குறைந்த நிலையமாக இடம்பெற்றுவிடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. அனுப்புமுன் விடுபட்ட மதிப்புகளை எண்ணிக் குறித்துக்கொள்க.

2. அவற்றை நீக்குக, அல்லது வரிசை முழுவதையும் தசம எண்ணாக மாற்றி அனுப்புக. அப்பொழுது விடுபட்ட இடம் ‘எண் அன்று’ என்னும் குறியாகச் செல்லும். அது 10-ஐவிடக் குறைந்ததாகக் கொள்ளப்படாது.

3. சென்றடைந்தபின் உறுப்புகளின் எண்ணிக்கை, மிகச் சிறிய மதிப்பு, கூட்டுத்தொகை ஆகிய மூன்றையும் இருபுறமும் ஒப்பிடுக.

மொழிகள் இரண்டும் ஒரே எண்ணை எழுதினும், அதற்குக் கொள்ளும் பொருள் ஒன்றாயிராது என்பதே இப்பாடத்தின் சாரம்.

பயிற்சி

மேற்கண்ட நான்கு மதிப்புகளைத் தசம எண்களாக மாற்றி அனுப்பினால், 10-க்குக் குறைந்தவை எத்தனை? சராசரி என்னவாகும்? ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு முதலில் விடையை ஊகிக்கச் செய்து, பின்னர் கணிப்பொறியில் சோதித்தல் பயன்தரும்.