அசெம்பிளி அங்கே இருப்பது வேகத்துக்காகவா?

நம்பிக்கை: “வேகம் வேண்டும், அதனால்தான் அந்த இடத்தில் மட்டும் அசெம்பிளி.”

பைட்கோடை ஓட்டும் மெய்நிகர் இயந்திரங்களின் மூலநிரலைத் திறந்தால் பெரும்பகுதி சி அல்லது சி++ ஆகத்தான் இருக்கும். நேட்டிவ் ஃபங்ஷனை அழைக்கும் இடம் வந்ததும், ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனித்தனியாக அசெம்பிளி நிரல் எட்டிப்பார்க்கும். பார்த்தவுடன் “வேகத்துக்காக” என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மைக் காரணம் வேறு: அந்த வேலையைச் சி மொழியில் சொல்லவே வழியில்லை.

சி-யில் ஒரு ஃபங்ஷனை அழைக்க, அது எத்தனை ஆர்க்யுமென்ட் வாங்கும், எது எந்த வகை என்பது கம்பைல் செய்யும்போதே தெரிந்திருக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்துக்கு அது தெரியாது. யாரோ நாளை எழுதப்போகும் செயலியின் ஃபங்ஷன் இரண்டு இன்ட் வாங்குமா, ஒரு டபுளும் ஏழு ஆப்ஜெக்டும் வாங்குமா என்பது ஓடும்போதுதான் தெரியும். எல்லாச் சேர்க்கைக்கும் முன்கூட்டியே ஒரு சி வரி எழுதிவைக்க யாராலும் முடியாது.

ஆண்ட்ராய்டின் பழைய மெய்நிகர் இயந்திரமான டால்விக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 32-பிட் ஏ.ஆர்.எம். விதிப்படி முதல் ஆர்க்யுமென்ட்கள் ஆர்0 முதல் ஆர்3 வரையிலான நான்கு ரெஜிஸ்டர்களில் போக வேண்டும். ஜாவா நிரல் நேட்டிவ் ஃபங்ஷனை அழைக்கும் முறையான ஜே.என்.ஐ. அழைப்பில் முதல் இரண்டை மெய்நிகர் இயந்திரமே எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது ஆர்2-வும் ஆர்3-யும். ஃபங்ஷன் ஒரு இன்ட்டும் அடுத்து ஒரு லாங்கும் கேட்கிறது என்று வையுங்கள். இன்ட் ஆர்2-வில் உட்கார்ந்துவிடும். லாங் 64 பிட். அது இரட்டைப்படை எண்ணுள்ள ரெஜிஸ்டரில்தான் தொடங்கலாம். எனவே ஆர்3 வெறுமனே கிடக்க, லாங் முழுவதும் ஸ்டாக்குக்குப் போக வேண்டும். டால்விக்கோ தன் பக்கம் எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல் 32-பிட் கட்டங்களில் அடுக்கிவைத்திருக்கும். அதை அப்படியே நகலெடுத்தால் லாங்கின் ஒரு பாதி ஆர்3-யில், மறு பாதி ஸ்டாக்கில். எந்தப் பிழைச்செய்தியும் வராது. போய்ச் சேரும் எண் மட்டும் தவறாக இருக்கும்.

இந்த இடைவெளியைச் சரியாக விடுவதுதான் டால்விக்கின் அசெம்பிளி ரொட்டீன் செய்த வேலை. ஃபங்ஷனின் வகைக் குறிப்பை எழுத்தெழுத்தாகப் படித்து அடுக்கும். எளிய அமைப்புகளுக்கு, முன்பே கணக்கிட்டு ஒரே 32-பிட் எண்ணில் பொதித்துவைத்த குறிப்பைப் பயன்படுத்தும். வேகம் அங்கே இரண்டாவதாகத்தான் வந்தது. ஆன்டனி கிரீன் 1996-இல் தொடங்கிய லிப்எஃப்எஃப்ஐ நூலகமும் இதே சிக்கலுக்குப் பிறந்ததே. பைத்தானின் சிடைப்ஸ் அதன்மேல்தான் நிற்கிறது.

நம்பிக்கை: “மெய்நிகர் இயந்திரத்திலிருந்து நேட்டிவ் பக்கம் எல்லை தாண்டும் செலவு என்பது ஆர்க்யுமென்ட்களை நகர்த்தும் செலவு.”

2017-இல் ஆண்ட்ராய்டு 8.0 வந்தபோது கூகுள் வெளியிட்ட அளவீடு இதை உடைக்கிறது. நெக்ஸஸ் 6பி போனில் சாதாரண ஜே.என்.ஐ. அழைப்புக்கு 115 நானோவினாடி. ‘ஃபாஸ்ட் நேட்டிவ்’ என்று குறித்த அழைப்புக்கு 35. ‘கிரிட்டிக்கல் நேட்டிவ்’ என்றால் 25. ஃபாஸ்ட் நேட்டிவும் அதே ஆர்க்யுமென்ட்களைத்தான் நகர்த்துகிறது. அது விட்டுவிடுவது, “இந்த த்ரெட் இப்போது நேட்டிவ் பக்கம் இருக்கிறது, இதற்காகக் காத்திருக்க வேண்டாம்” என்று கார்பேஜ் கலெக்டருக்கு அறிவித்து, திரும்பும்போது அனுமதி பார்க்கும் சடங்கை. கிரிட்டிக்கல் நேட்டிவில் ஆப்ஜெக்டே வாங்க முடியாது. அதனால் ஆப்ஜெக்ட் கணக்கும் இல்லை.

இதைப் படித்துவிட்டு எல்லா ஃபங்ஷனுக்கும் அந்தக் குறியை ஒட்டாதீர்கள். ஃபாஸ்ட் நேட்டிவ் ஃபங்ஷன் ஒன்று கோப்பைப் படிக்கவோ லாக்குக்காகவோ நின்றுவிட்டால், கார்பேஜ் கலெக்டரும் அதற்காக நிற்கும். அதோடு செயலியின் மற்ற த்ரெட்களும் நிற்கக்கூடும். மிச்சம் பிடித்த 80 நானோவினாடிக்கு அது கட்டுபடியாகாது.

நம்பிக்கை: “ஜாவா 22-க்குப் பிறகு இதெல்லாம் பழங்கதை.”

2024 மார்ச்சில் வந்த அந்தப் பதிப்பில், சி ஃபங்ஷன்களை ஜாவாவிலிருந்தே அழைக்கும் வசதி நிலைபெற்றது. நிரலாளர் சி-யில் ஒட்டு நிரல் எழுத வேண்டியதில்லை. மெத்த நல்ல மாற்றம். ஆனால் ரெஜிஸ்டர்களை நிரப்பும் இயந்திர நிரல் மறையவில்லை. மெய்நிகர் இயந்திரமே அதை ஓடும்போது உருவாக்குகிறது. அதற்கான விதிகளை ஒவ்வொரு ப்ராசஸருக்கும், இயங்குதளத்துக்கும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே 64-பிட் இன்டெல் சில்லில் லினக்ஸ் ஆறு பொது ரெஜிஸ்டர்களில் ஆர்க்யுமென்ட் அனுப்பும். விண்டோஸ் நான்கில் அனுப்பி, ஸ்டாக்கில் 32 பைட் ஒதுக்கச் சொல்லும். 2022-இல் ஜாவா 19-உடன் ரிஸ்க்-வி ப்ராசஸர் சேர்ந்தபோது அங்கே இன்னொரு விதி. லினக்ஸில் இன்டெல், 64-பிட் ஏ.ஆர்.எம். இரண்டிலும் எட்டு டபுள்களுக்குத் தனி ரெஜிஸ்டர் உண்டு, ஒன்பதாவது ஸ்டாக்குக்குப் போகும். ரிஸ்க்-வி-யில் அது, முழு எண்களுக்கான ரெஜிஸ்டர் காலியாக இருந்தால் அதில் போய் உட்காரும்.