கிராமில் எழுது, கண்ணு

கோயம்புத்தூர்

அன்புள்ள நித்யாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய சாப்பாட்டுக் கணக்கை வரி விடாமல் படித்தேன். தினமும் 1,400, 1,450 என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய். இருந்தும் எடை இறங்கவில்லை, என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய். அந்த வரிக்காகத்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உடம்பைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அளவைச் சந்தேகப்படு. நீ எழுதுவது அமெரிக்காக்காரன் செய்த ஆப்பில். கரண்டி மெல்போர்னில் வாங்கியது. மாதம் ஒருமுறை ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூரில் இரண்டு மூன்று நாள் சாப்பிடுகிறாய். சமைப்பதோ நம் வீட்டு அரிசிம்பருப்பு சாதம். நான்கு நாட்டு அளவுகளும் உன் கணக்கில் ஒரே வரிசையில் நிற்கின்றன. நீயும் அவற்றை அப்படியே கூட்டிவிட்டாய்.

5-ஆம் தேதிக் கணக்கில் ஒரு புரோட்டீன் பார், 870 என்று இருக்கிறது. அதற்குக் கீழே "இரவு சாப்பிடவில்லை" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. கண்ணு, அந்த 870 கிலோஜூல். ஆஸ்திரேலியாவில் பாக்கெட்டில் கிலோஜூல் கட்டாயம்; கலோரி போடுவதும் போடாததும் கம்பெனிக்காரர் விருப்பம். ஒரு கலோரிக்கு 4.184 கிலோஜூல். நீ சாப்பிட்டது 208 கலோரிதான். ஒரு எண்ணைத் தப்பாகப் படித்ததற்காக ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறாய். இனிமேல் கிலோஜூலைக் கண்டால் நாலால் வகுத்துக் கொஞ்சம் குறைத்துக்கொள், மனக்கணக்குக்கு அது போதும். உங்கள் விக்டோரியா மாநிலத்தில் பெரிய ஓட்டல் சங்கிலிகளின் மெனுப் பலகையிலும் கிலோஜூல்தான் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தும் பயந்துவிடாதே.

பாரில் கூடுதலாக எழுதியவள் சாதத்தில் குறைவாக எழுதியிருக்கிறாய். தினமும் "சாதம், முக்கால் கப்" என்று 150 கலோரி போட்டிருக்கிறாய். இந்த முக்கால் எங்கிருந்து வந்தது என்று முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது, அது ரைஸ் குக்கரோடு வந்த டம்ளர். அந்த டம்ளர் ஜப்பான் அளவு, 180 மில்லி. அமெரிக்க லேபிளில் ஒரு கப் என்பது 240 மில்லி. 180 முக்கால் பங்கு என்பது சரிதான். ஆனால் நீ டம்ளரில் அளந்தது அரிசியை. ஆப்பில் தேர்ந்தெடுத்தது வெந்த சாதத்தை. 180 மில்லி டம்ளர் நிறைய அரிசி எடுத்தால் 150 கிராம் வரும். பச்சை அரிசியோ புழுங்கலோ 100 கிராமுக்கு 350 கலோரிக்குக் குறையாது. ஆக மத்தியானமும் ராத்திரியுமாக நீ சாப்பிட்ட சாதம் மட்டும் 530 கலோரி, பருப்பைச் சேர்க்காமலே. 380 கலோரி உன் கண்ணுக்குத் தெரியாமல் தினமும் தட்டுக்கு வந்து போகிறது.

அடுத்தது எண்ணெய். தாளிப்பு, பொரியல், தோசைக்கல் எல்லாம் சேர்த்து நாளைக்கு மூன்று டேபிள்ஸ்பூன் என்று எழுதியிருக்கிறாய். அமெரிக்க டேபிள்ஸ்பூன் 15 மில்லி. உலகத்தில் பல நாடுகளிலும் அதுதான். ஆஸ்திரேலியாவில் மட்டும் 20 மில்லி. உன் டிராயரைத் திறந்து கரண்டியின் காம்பைப் பார், அதில் பொறித்திருக்கும். ஆப் ஒரு கரண்டிக்கு 120 போடுகிறது. நீ ஊற்றுவது 165. மூன்று கரண்டிக்கு 135 கூடுதல். செக்கு நல்லெண்ணெய், ஆலிவ் ஆயில் என்று இதில் பேதமில்லை. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான்.

380-ம் 135-ம் 515. நீ 1,450 என்று நினைக்கிற நாள் உண்மையில் 2,000-ஐ ஒட்டி நிற்கிறது. நம் நாட்டு ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கிற 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி போதும். எடை இறங்காததில் மர்மம் எதுவும் இல்லை. அப்படியும் சந்தேகம் இருந்தால் தைராய்டு டெஸ்ட் எடுத்துவிடு. டெஸ்ட் வரும்வரை உடம்பைத் திட்டாதே.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு. கப், டம்ளர், ஸ்பூன் எதையும் நம்பாதே. அரிசியைச் சமைப்பதற்கு முன்னால் நிறுத்து, எண்ணெய்ப் பாட்டிலை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்து. கிராம் எந்த நாட்டிலும் கிராம்தான். பாக்கெட் வாங்கினால் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும் பத்தியை மட்டும் பார். ஆஸ்திரேலியாவில் அது கட்டாயம், நம் ஊரிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியை விட்டுவிடு. ஆஸ்திரேலியாவில் அந்தப் பரிமாறல் எவ்வளவு என்பதைக் கம்பெனிக்காரரே முடிவு செய்கிறார்.

அமெரிக்கப் பொருள் வாங்கினால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே 5 கலோரிக்குக் குறைந்தால் சுழியம் என்று போட்டுக்கொள்ளலாம், அதற்குச் சட்டமே இடம் தருகிறது. தோசைக்கல்லில் அடிக்கிறாயே ஸ்பிரே எண்ணெய், அதற்கு அவர்கள் சொல்லும் பரிமாறல் கால் நொடி அழுத்தினால் வருகிற கால் கிராம். அதனால்தான் அதில் 0 கலோரி. நீ ஒரு தோசைக்கு எத்தனை நொடி அழுத்துகிறாய் என்று எண்ணிப் பார். இன்னொன்று, அமெரிக்க லேபிளில் மாவுச்சத்துக் கணக்குக்குள்ளேயே நார்ச்சத்தும் அடங்கியிருக்கும். அதைக் கழித்துப் பார்க்கச் சொல்லி வீடியோ போடுகிறார்கள். ஆஸ்திரேலிய லேபிளில் நார்ச்சத்து ஏற்கெனவே தனி. அங்கேயும் கழித்தால் இரண்டு தடவை கழித்ததாகிவிடும்.

சிங்கப்பூர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பானங்களுக்கு 2022 டிசம்பர் முடிவிலிருந்து ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். அது சர்க்கரைக்கும் நிறைவுற்ற கொழுப்புக்கும் போட்ட தரம், கலோரிக்கு அல்ல. கோப்பிக் கடையில் வெறுமனே 'தே' என்று கேட்டால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித்தான் வரும். 'தே சி கோசோங்' என்று கேள், பால் இருக்கும், சர்க்கரை இருக்காது. பரோட்டாவைப் பற்றி உனக்கே தெரியும்.

இனி எனக்கு நிஜமாகவே கவலை தந்த விஷயத்துக்கு வருகிறேன். மாத ஆரம்பத்தில் ராகிக் களி, முருங்கைக்கீரை, கம்பங்கூழ் என்று எழுதியிருந்தாய். பத்து நாள் கழித்து ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் பார், பாக்கெட் ஓட்ஸ், பாட்டிலில் அடைத்த ஷேக். போனில் கேட்டபோது "ஆப்பில் களி இல்லை அத்தை, எண் தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது" என்றாய். எண் ஒட்டியிருக்கிறது என்பதற்காகப் பாக்கெட்டும், எண் இல்லை என்பதற்காகக் கீரையும் இடம் மாறிக்கொள்வதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்தபோதும் இதைத்தான் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். சர்க்கரை நோயாளிகள் பிஸ்கட் பாக்கெட்டை நம்புவார்கள், வீட்டுக் கூழைச் சந்தேகப்படுவார்கள்.

நம் சாப்பாட்டுக்கு எண் இல்லை என்று யார் சொன்னது? நம் வீட்டிலிருந்து மலையேறினால் வருகிற குன்னூரில்தான் எண் போடும் வேலை நடந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் 1918-ல் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்காக அங்கே சின்னதாக ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அதுவே ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, அய்க்ராய்டு இயக்குநராக இருந்தபோது 1937-ல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டது. அந்த நிறுவனம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. ஊட்டச்சத்து விஞ்ஞானி கோபாலன் பிறகு விரிவாக்கிய அந்தப் பட்டியல் புத்தகத்தை வைத்துத்தான் எங்கள் தலைமுறை முழுக்கப் படித்தது, வேலை பார்த்தது. 2017-ல் 528 உணவுகளை நாடெங்கும் மாதிரி எடுத்துப் புதிதாகச் சோதித்துப் போட்டிருக்கிறார்கள். இந்தப் புதிய பட்டியலில் ஆற்றல் கிலோஜூலில்தான் இருக்கிறது, உன் ஆஸ்திரேலியப் பாக்கெட்டோடு நேராகப் பொருந்தும். ராகி 100 கிராமுக்குச் சுமார் 1,340 கிலோஜூல், அதாவது 320 கலோரி. கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். களிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தண்ணீருக்குக் கலோரி கிடையாது. மாவை நிறுத்துப் போடு, அவ்வளவுதான் கணக்கு. எந்த ஊர் விளைச்சலோ அந்த ஊர்ப் பட்டியலைப் பார், எழுதுவதை மட்டும் கிராமில் எழுது.

ஆப்பில் நீயே உணவைச் சேர்க்கும் வசதி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம், களி, கீரைப் பொரியல், உளுந்தங்கஞ்சி, தேங்காய்ச் சட்னி எல்லாவற்றையும் உன் வீட்டு அளவில் ஏற்றிவிடு. அதற்கப்புறம் அமெரிக்காக்காரர் யாரோ போட்ட 'தோசை' எண்ணை நீ தேட வேண்டிவராது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். எண்ணை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதே. மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் மூன்றுக்கும் கிராமுக்கு 4, 9, 4 என்று நாம் பெருக்குகிறோமே, அது அமெரிக்காவில் மிடில்டவுன் ஊரில் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி நூறு வருஷத்துக்கு முன்பே போட்ட சராசரி. 2012-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் முழுப் பாதாமைக் கொடுத்துச் சோதித்தார்கள். 28 கிராமுக்கு 170 என்று கணக்கிட்டிருந்த இடத்தில் உடம்பு எடுத்துக்கொண்டது சுமார் 129. முழுசாக மெல்லப்படாத பருப்பிலிருந்து கொழுப்பு முழுவதையும் குடல் உறிஞ்சிக்கொள்வதில்லை. அமெரிக்காவில் லேபிளில் போட்டதைவிட 20 சதவீதம் கூடுதலாக இருந்தாலும் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. அதனால் 1,512, 1,487 என்று துல்லியம் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஒரு நாள் கூடினால் மறுநாள் பட்டினி கிடக்காதே. வாரச் சராசரியை மட்டும் பார்.

எடையை எந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறாய் என்பதும் முக்கியம். மெல்போர்ன் டாக்டரின் சுவரில் தொங்குகிற படத்தில் பி.எம்.ஐ. 25 வரை பச்சை நிறம் இருக்கும். நம் போன்ற ஆசியர்களுக்கு 23-லேயே சர்க்கரை, ரத்த அழுத்த அபாயம் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டது. உன் அப்பாவுக்கும் பாட்டிக்கும் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை எழுதி வை. பாக்கெட்டில் '8,700 கிலோஜூலில் இத்தனை சதவீதம்' என்று போட்டிருப்பது அந்த நாட்டின் சராசரி ஆளுக்கு. ஐந்தடி இரண்டங்குல நித்யாவுக்கு அது பொருந்தாது.

பட்டினி கிடந்த விஷயத்தை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் அடுத்த விமானத்தில் வந்து நிற்பான். டான்டினாங் பக்கம் இந்தியக் கடைகளில் ராகி மாவு கிடைக்கும், இந்த வாரமே போய் வாங்கு. தராசும் வாங்கிவிடு. அடுத்த மாதக் கணக்கை அனுப்பும்போது ஹீமோகுளோபின், தைராய்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பு. நான் பார்த்துவிட்டு போன் செய்கிறேன்.

அன்புடன்,
அத்தை