வீசும் காற்று வீட்டுக்குள் வருகிறதா?

ஏற்காட்டிலிருந்தும் கிளியூர் அருவியை ஒட்டிய ஊர்களிலிருந்தும் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், எங்கள் மலையில் எந்நேரமும் காற்று வீசுகிறதே, எங்களுக்கு ஏன் மூச்சுத்திணறலும் காசநோயும் வருகின்றன?" நியாயமான கேள்வி. ஊரின் மேல் வீசும் காற்று வேறு, நாம் சுவாசிக்கும் காற்று வேறு என்பதே அதற்கான விடை. இரண்டுக்கும் இடையில் நம் கட்டடங்கள் நிற்கின்றன.

ஒரு கட்டடத்தின் மீது காற்று மோதும்போது மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. இந்த வேறுபாடே ஒரு சன்னல் வழியாகக் காற்றை உள்ளே தள்ளி, எதிர்ச்சன்னல் வழியாக வெளியேற்றுகிறது. கட்டடங்களுக்கிடையே போதிய இடைவெளி இருந்தால்தான் இது நடைபெறும். தெருவின் அகலத்தைவிடக் கட்டடங்களின் உயரம் மிகும்போது, காற்று கீழே இறங்காமல் கூரைகளின் மேலாகவே வழுக்கிச் சென்றுவிடும். தெருவுக்குள் ஒரு மெல்லிய சுழற்சி மட்டுமே எஞ்சும். வண்டிப் புகையும் அடுப்புப் புகையும் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதன் விளைவை மும்பையில் காணலாம். குடிசைப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட மக்களுக்காக அந்நகரின் கிழக்குப் பகுதியில் லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு என்னும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. அங்கே பல மாடிக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 3 மீட்டர் மட்டுமே. 'டாக்டர்ஸ் ஃபார் யூ' தொண்டு நிறுவனத்தினரும் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் இவ்விரண்டையும், இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட பி.எம்.ஜி. காலனியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். நெருக்கமான குடியிருப்புகளில் ஏறத்தாழ பத்து வீடுகளுக்கு ஒன்றில் காசநோய் காணப்பட்டது, பி.எம்.ஜி. காலனியில் ஏறத்தாழ நூறு வீடுகளுக்கு ஒன்றில்தான் காணப்பட்டது. வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தளங்களில் வாழ்வோரே கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

காரணம் எளிது. காசநோயாளி இருமும்போது வெளிப்படும் மிக நுண்ணிய துகள்கள் காற்றில் பல மணி நேரம் மிதக்கக்கூடியவை. காற்றோட்டம் அவற்றை நீர்க்கச் செய்து வெளியேற்றும். சூரிய ஒளி கிருமியை அழிக்கும். கட்டட நெருக்கம் இவ்விரண்டையும் ஒருசேரத் தடுத்துவிடுகிறது.

நம் மலைக்கு இது பொருந்தாது என எண்ண வேண்டாம். சரிவை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்சுவர் பெரும்பாலும் மண்மேட்டை ஒட்டியே நிற்கும். அங்கே சன்னல் வைக்க இடமிராது. பக்கத்தில் மற்றொரு கட்டடம் எழுந்துவிட்டால் முன்வாசல் ஒன்றே மிஞ்சும். குளிருக்கு அஞ்சி அதையும் அடைத்துவிட்டு உள்ளே விறகடுப்பு மூட்டினால், வெளியே எவ்வளவு தூய காற்று வீசினும் பயனில்லை. மேலும், இரவில் குளிர்ந்த காற்று சரிவு வழியே பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும். அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமைவதால், வெயில் ஏறும்வரை புகை மேலெழுவதில்லை. சுற்றிலும் மலைகள் சூழ்ந்த சேலத்திலும் குளிர்காலக் காலைகளில் இவ்வாறு நேரலாம்.

நோயாளிகளும் பராமரிப்போரும் செய்யக்கூடியவை:

1. எதிரெதிரே இரு திறப்புகள் இருக்கட்டும். பின்சுவரில் இயலாவிட்டால், சுவரின் மேற்புறத்திலோ கூரையை ஒட்டியோ காற்றுத்துளை அமைக்கலாம்.

2. வெயில் வரும் பகல் நேரத்தில் சன்னல்களை நன்கு திறந்து வையுங்கள். நோயாளியைப் போர்வையால் காத்துக்கொள்ளுங்கள்.

3. காசநோயாளியின் படுக்கை, காற்று வெளியேறும் சன்னலருகே இருக்கட்டும். மின்விசிறிக் காற்று மற்றவர்கள் பக்கமிருந்து நோயாளியைக் கடந்து வெளியே செல்லவேண்டும்.

4. விறகடுப்பை வசிக்கும் அறையிலிருந்து பிரித்து, புகைபோக்கி அமையுங்கள். ஆஸ்துமா உள்ளோர் பனிப்புகை கலைந்த பின்னரே நடைப்பயிற்சிக்குச் செல்வது நலம்.

5. புதிதாக வீடு கட்டுவோர், பக்கத்து வீட்டுச் சன்னலை அடைக்காதவாறு இடம் விடுங்கள். நீங்கள் விடும் இடைவெளி இரு குடும்பங்களின் நுரையீரலுக்கும் உதவும்.

காற்றோட்டம் மருந்துக்கு மாற்றாகாது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை மருத்துவர் கூறும் காலம் முழுவதும் உட்கொள்ள வேண்டும். ஆயினும் மருந்து நோயாளியைக் குணப்படுத்திக்கொண்டிருக்கும் அந்த வாரங்களில், அருகில் உறங்கும் குழந்தையைக் காப்பதில் திறந்த சன்னலுக்கும் பெரும் பங்கு உண்டு. அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது, உங்கள் வீட்டில் எத்தனை சன்னல்கள், அவை எத்திசையில் உள்ளன என்பதையும் எங்களிடம் கூறுங்கள். சிகிச்சையைத் திட்டமிட அது எங்களுக்கு உதவும்.