பூஞ்சணப் பாற்கட்டியும் எமது மாலைப் பாலும்

இடம்பெயர்ந்த நிலையிலும் ஒரு பசுவையாவது காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. காலைப் பாலை வாங்க ஆள் வருகிறது. மாலைப் பால் மிஞ்சுகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லை. “வெளிநாட்டிலே பூஞ்சணம் பிடித்த பாற்கட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறார்களாமே, நாங்களும் அதைச் செய்யலாமோ?” என்று தாயார் ஒருவர் எம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி.

அவர் சொன்ன பாற்கட்டிகளுள் பெயர் பெற்றது கமம்பேர். பிரான்சின் நோர்மண்டிப் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர் அது. 1791ஆம் ஆண்டளவில், புரட்சிக்குத் தப்பி ஒளிந்திருந்த குருவானவர் ஒருவர் மரி ஹரெல் என்ற கமக்காரப் பெண்ணுக்கு இதைச் செய்யக் கற்பித்தார் என்பது அவ்வூர்க் கதை. வரலாற்றாசிரியர்கள் இதை முழுதாக ஏற்பதில்லை. ஆனாலும் இடம்பெயர்ந்தவர் தம் கைத்தொழிலை உடன் கொண்டுபோவார் என்பதை நம்ப எமக்குக் கடினமில்லை.

கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையால் பாலைக் கட்டியாக்கி, நீர் வடித்து, உப்பிட்டு வைப்பார்கள். மேலே வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சுபோல் படரும். அதன் நொதியங்கள் கட்டியின் புரதத்தையும் கொழுப்பையும் வெளியிலிருந்து உள்நோக்கிச் சிதைத்து மென்மையாக்கும். இதற்கு மூன்று கிழமையளவு செல்லும். அந்த அறை ஏறத்தாழ 12 பாகை செல்சியசில், ஈரலிப்பாக இருக்கவேண்டும். பூஞ்சணமும் தானாக வந்ததல்ல. தெரிந்தெடுத்து வளர்த்த இனம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் தூய வெள்ளை இனம் அங்கே வழக்கத்துக்கு வந்தது.

எமது கொட்டில்களில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். அங்கே கட்டியில் முதலில் பெருகுவது அந்த வெள்ளைப் பூஞ்சணம் அல்ல, நோய்க் கிருமிகளே. தானாகப் பிடிக்கும் பச்சை, கறுப்புப் பூஞ்சணங்கள் சில நஞ்சை உண்டாக்கும். மேற்பகுதியைச் சுரண்டினாலும் நூல்கள் உள்ளே இருக்கும். காய்ச்சினாலும் நஞ்சு போகாது. ஆகவே பூஞ்சணம் கண்ட பாற்பொருளை எறியுங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மாட்டுக்கும் வைக்காதீர்கள்; அந்நஞ்சின் ஒரு பங்கு பாலிலே இறங்கிப் பிள்ளைக்கே வந்து சேரும். இதைப் பலர் அறிவதில்லை.

எம்மால் செய்யக்கூடியது பழுக்க வைக்காத பாற்கட்டி. மாலையில் கறந்த 2 லீற்றர் பாலை வடித்து எவர்சில்வர் பாத்திரத்தில் பொங்கக் காய்ச்சுங்கள். பச்சைப் பாலில் செய்யவே வேண்டாம். மாட்டுக் காசநோயும் புருசெல்லாக் கிருமியால் வரும் காய்ச்சலும் அதன் வழியே வரும். இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சாறுள்ள தேசிக்காய் மூன்றைப் பிழிந்து, அதேயளவு இளஞ்சூட்டு நீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். பால் திரைந்து, நீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள். நீர் இன்னும் வெண்மையாக இருந்தால் சாறு போதவில்லை. இன்னும் கொஞ்சம் விடலாம். அளவு மிஞ்சினால் கட்டி புளித்து இறுகும்.

அவித்துக் காயவைத்த வேட்டித்துண்டில் வடித்து, ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசறி, முடிந்து, கழுவிய கல்லின் கீழ் இரண்டு மணி நேரம் வையுங்கள். 300 தொடக்கம் 400 கிராம் வரை கிடைக்கும். துண்டுகளாக வெட்டி, 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் 100 கிராம் உப்புக் கரைத்து அதில் அமிழ்த்தி மூடிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிடவேண்டும். வழுவழுப்போ மாற்று வாடையோ கண்டால் ருசி பார்க்கவும் வேண்டாம்.

சமைக்குமுன் நல்ல நீரில் ஊறவைத்தால் உப்புக் குறையும். தேங்காயெண்ணெயில் பொரித்து உருளைக்கிழங்குக் கறியில் போடலாம். பாற்பிட்டு விரும்பாத பிள்ளைகளும் இதை உண்பதைக் கண்டிருக்கிறோம். வடிந்த நீரை ஊற்றிவிடாதீர்கள்; ரொட்டி மா குழைக்கவும் கோழித் தீனியைப் பிசையவும் உதவும்.

விற்பனைக்கென்றால் தயிர்தான் எமது தெரிவு. எமது சனம் அறிந்த பண்டம் அது, சட்டியோடு வாங்கும். பாற்கட்டியை, முதல்நாளே சொல்லிவைத்த வீடுகளுக்கு மட்டும், கேட்ட அளவுக்குச் செய்து கொடுங்கள்.