உதட்டில் ஆறாத வெடிப்பா? உடனே காட்டுங்கள்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் லாரியிலிருந்து சரக்கு இறக்குவதும், வசூலுக்கு வண்டியில் அலைவதும் வெயிலில்தான். மேற்குப் பார்த்த கடையானால் பிற்பகல் முழுவதும் கல்லாவிலேயே வெயில். அண்ணாந்தபடி இருப்பதால் கீழ் உதட்டை வெயில் அதிகம் தாக்கும்.

ஆண்டுக்கணக்கில் இப்படி வெயில் பட்டால் கீழ் உதடு வறண்டு, வெளுத்து, செதில் உரியும். உதட்டின் விளிம்புக்கோடு மங்கும். நெற்றி, காது, புறங்கையில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான திட்டுகள் வரலாம். இவை புற்றுநோய் அல்ல. ஆனால் கவனிக்காமல் விட்டால் சில புற்றுநோயாக மாறக்கூடும். நம் தோலின் கருநிறமி ஓரளவு காப்பதால், வெள்ளையரைவிட நமக்கு இவை குறைவு.

நமக்குப் பெரிய ஆபத்து புகையிலையும் பாக்கும்தான். புகையிலை அடக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு படியும். பாக்கு மெல்பவருக்கு வாய் திறப்பு சுருங்கும். இவையும் புற்றுநோய்க்கு முந்தைய நிலைகளே. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்தது.

முன்கூட்டியே பார்த்தால் பலன் உண்டா? உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் மக்களின் வாயை வெறும் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். சோதனை நடந்த பகுதிகளில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-ல் இதன் முடிவு வெளியானது.

ஆகவே வணிகர்கள் செய்ய வேண்டியவை:

1. மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பக்கம் பாருங்கள். வலி இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள்.

2. புண், வெடிப்பு, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை அரசு பல் மருத்துவமனையிலும், 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் காட்டலாம்.

3. கடைக்கு முன் படுதா கட்டுங்கள். வெளியே போனால் விளிம்புள்ள தொப்பியோ, தலைத்துண்டோ அவசியம்.

4. பாக்குப் பொட்டலச் சரத்தைக் கல்லாவுக்கு மேலிருந்து எடுத்துவிடுங்கள். எட்டும் இடத்தில் தொங்கினால் நம் கையும், கடைப் பையன் கையும் அங்கேதான் போகும். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்பது 2003 சட்டப்படி குற்றம்.

தினமும் கல்லாவை எண்ணிப் பார்க்கிறோம். மாதம் ஒரு நாள் வாயையும் பார்த்துக்கொள்வோம்.