நேர்முகத் தேர்வில் வீட்டுக் கேள்விகள்



நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க நம் டிரஸ்ட்டுக்கு ஒரு சகோதரி வந்திருந்தார். பி.காம். முடித்தவர். டேலி, ஜி.எஸ்.டி. பற்றிய கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். "கல்யாணம் எப்போது? அதற்குப் பிறகும் வேலைக்கு வருவீர்களா?" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டார். "அத்தாகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

அவர் மீது தவறில்லை. வீட்டில் பேசி முடிவாகாத ஒன்றுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? அதனால் இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும்தான்.

சொந்த விஷயம் கேட்பவர் பெரும்பாலும் வேலையை மனதில் வைத்தே கேட்கிறார். நேரத்துக்கு வருவாரா, சில மாதங்களில் நின்றுவிடுவாரா என்பதே அவர் கவலை. அந்தக் கவலைக்குப் பதில் சொன்னால் போதும்.

1. குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடியுங்கள். வாடகை பாக்கி, அத்தாவின் நோய், தங்கையின் கல்யாணக் கடன் எதையும் அங்கே கொட்ட வேண்டாம். வேலை என்பது ஸதகா அல்ல, உழைப்புக்குக் கிடைக்கும் கூலி. இரக்கப்பட்டுக் கொடுக்கும் இடமாக அதை நாமே ஆக்கிவிடக் கூடாது.

2. ஜும்ஆ பற்றிய பேச்சு வந்தால் தெளிவாகச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் தேவைப்படும். அன்று மாலை கூடுதலாக இருந்து ஈடுசெய்வேன்." ஹிஜாபைப் பற்றிக் கேட்டால், "எப்போதும் அணிவேன், வேலைக்கு அது இடையூறாக இருக்காது" என்பது போதும். விவாதம் வேண்டாம்.

3. பொய் சொல்லாதீர்கள். நாள் குறித்த நிக்காஹ்வை மறைத்து வேலையில் சேர்ந்துவிட்டு, அடுத்த மாதமே லீவு கேட்டு நின்றால், பிறகு நம் பேச்சை யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதில்லை. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும்.

4. வரம்பு மீறிய கேள்விக்குக் கோபப்படாமல், "அது குடும்ப விஷயம் சார். வேலையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். மதம், சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை அரசு வேலையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு. ஒரே மாதிரியான வேலைக்கு ஆளெடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்பதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தனியாருக்கும் விதித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு பிள்ளைப்பேறுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு தந்தது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஆகவே கல்யாணமும் பிள்ளைப்பேறும் குற்றம்போலக் குனிந்து சொல்ல வேண்டியவை அல்ல.

அடுத்த வாரம் அந்தச் சகோதரி தன் அத்தாவோடு வந்தார். அதே கேள்வியைக் கேட்டோம். "ஆறு மாதத்தில் நிக்காஹ் இருக்கலாம். அதற்குப் பிறகும் வருவேன். மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேசிவிட்டோம்" என்றார். இம்முறை நிமிர்ந்தே பேசினார். முதலில் போன இடத்தில் எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோர்களே, இன்று இஷாவுக்குப் பிறகு பிள்ளையோடு உட்காருங்கள். இரவு ஷிஃப்ட், வெளியூர், கல்யாணம், சம்பளம் ஆகிய நான்கையும் பேசி முடிவு செய்யுங்கள். பிறகு நீங்களே அதிகாரியாக இருந்து கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கை விசாலமாக்கித் தருவானாக. ஆமீன்.