தொண்டை கட்டினால் கட்டையை இறக்கு

தங்கச்சி, திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம்ம புதுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு ஊர் வள்ளி திருமணம்தான். ராத்திரி தொடங்கினால் விடியும்வரை. வள்ளி வேஷம் கட்டுகிறவளுக்குப் பாட்டோடு முடியாது; நாரதரோடும் முருகனோடும் தர்க்கம் பண்ண வேண்டும். பாட்டைவிடத் தொண்டையைக் கெடுப்பது அந்தத் தர்க்கம்தான் என்பேன். பாடும்போது சுதி நம்மைப் பிடித்து வைக்கும். வாதம் சூடேறினால் கத்துகிறோம் என்பதே தெரியாது.

சாதாரணமாகப் பேசும்போதே பெண்ணுக்குக் குரல் நாண்கள் வினாடிக்கு ஏறக்குறைய 200 முறை ஒன்றோடொன்று மோதும். மேலே போனால் இரண்டு, மூன்று மடங்கு. ஓயாமல் மோதும் இடம் தடித்து முடிச்சாகும். அதனால் குரல் கம்முகிற அன்று ஆர்மோனியக்காரரிடம் சுதியை அரைக் கட்டை இறக்கச் சொல். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உன் குரல் உனக்கே கேட்கும்படி பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் கேள், கேட்காதபோதுதான் கத்துவோம்.

சாயங்காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடி. பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் எல்லாம் இதம்தான். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணில் படாது, பட்டால் புரையேறிவிடும். ஆவி பிடித்தால் அது அங்கே போய்ச் சேரும். தொண்டையைச் செருமாதே, ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கு. திரைக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வில்லை, வாயை மூடியிரு. நாடகம் முடிந்து புரோட்டா தின்ற கையோடு படுத்தால் வயிற்றுப் புளிப்பு மேலேறித் தொண்டையைச் சுடும்.

மேடை ஏறுவதற்காக ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். வீக்கம் அடங்கினாற்போல் இருக்கும். அதன்மேல் முக்கிப் பாடினால் உள்ளே ரத்தம் கசியலாம்.

தம்பிமார்களுக்குக் குரல் உடைந்து மகரக்கட்டு வரும் வயதில் ராஜபார்ட்டைத் திணிக்காதீர்கள். நம்ம ஊர் நடிகர் பி.யு. சின்னப்பா, பாய்ஸ் நாடகக் கம்பெனியில் குரல் உடைந்தபோது விலகிவந்து சங்கீதம் கற்றார், சிலம்பம் பழகினார். அதற்குப் பிறகுதான் 1940இல் ‘உத்தம புத்திரன்’ படம் வந்தது.

குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்விடு. ரத்தம் வந்தாலோ மூச்சு முட்டினாலோ அன்றைக்கே போ. 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆரம்பத்திலேயே காட்டினால் முடிச்சு பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே கரையும், கத்தி தேவைப்படாது. சீசன் முடியட்டும் என்று மட்டும் தள்ளிப்போடாதே, தங்கச்சி.